ஹைடெல்பெர்க் மாணவர் சிறை: சித்திரவதைக் கூடமா?

"ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தேர்வில் தோற்ற மாணவர்களை இருட்டறையில் பூட்டிச் சித்திரவதை செய்தார்கள்" என்று ஒருவர் ஒரு படத்தையும் பகிர்ந்து எழுதியிருக்கிறார். சிறை இருந்தது உண்மைதான். மற்றதெல்லாம் கட்டுக்கதை.

பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் பின்புறம் இருக்கும் அந்தச் சிறை 1778 முதல் 1914 வரை பயன்பாட்டில் இருந்தது. 1386இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் அந்தக் காலத்தில் தன் மாணவர்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் உரிமை இருந்தது. தேர்வில் தோற்பது அங்கே குற்றமே அல்ல. குடித்துவிட்டு நடுராத்திரியில் தெருவில் கூச்சல் போடுவது, காவலரோடு மல்லுக்கு நிற்பது, வாள்சண்டை போடுவது போன்றவற்றுக்குத்தான் தண்டனை. சில நாட்கள்; மிஞ்சிப்போனால் சில வாரங்கள். தண்டனையின் தொடக்க நாட்களில் ரொட்டியும் தண்ணீரும்தான். அதன்பிறகு வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொள்ளலாம். வகுப்பு இருந்தால் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பவும் சிறைக்கு வந்துவிட வேண்டும்! இப்படிப்பட்ட சித்திரவதையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பிற்காலத்தில் ஒருமுறையாவது உள்ளே போய்வருவதையே மாணவர்கள் பெருமையாக நினைத்தார்கள். சுவர்களைப் பார்த்தாலே அது புரியும். தரையிலிருந்து கூரை வரை இடைவெளியின்றி, தங்கள் சங்கத்தின் வண்ணத் தொப்பி அணிந்த பக்கவாட்டு முகங்களைக் கரிய நிழலுருவாகத் தீட்டி, பெயரையும் தேதியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அறைகளுக்கு அரண்மனைப் பெயர்கள். கழிப்பறைக்கோ 'சிம்மாசன மண்டபம்' என்று பெயர். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கலாம். அவர் பகிர்ந்த படத்தில் தெரியும் கறுப்புத் திட்டுகள் இரத்தக்கறை அல்ல, அந்த ஓவியங்கள்தான்.