காரணம்: சில்லறை

(ஏற்காட்டில், வாத்தியார்களுக்கு ட்ரெயினிங் நடக்கும் மண்டபம். உள்ளிருந்து பூட்டிய கேட்டு.)

வாட்ச்மேன்: நாலரைக்குத்தானுங்க திறக்கறது.

டீச்சர்: அண்ணா, இப்ப மணி பதினொன்னேகால்.

வாட்ச்மேன்: தெரியுதுங்க. நாலரைக்கு இன்னும் அஞ்சேகால் மணி நேரம் இருக்குது. உள்ள போயி உக்காருங்க.

டீச்சர்: பத்தே நிமிஷம்ங்க. எதிர்ல டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

வாட்ச்மேன்: எல்லாரும் பத்து நிமிஷம்னுதான் சொல்றாங்க. கோடை விழா சமயத்துல ஒரு சாரு, வயித்தைக் கலக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் பேப்பர்ல மலர்க் கண்காட்சி போட்டோ. பொண்டாட்டி புள்ளைங்களோட நடுவுல நிக்கறாரு. கலக்கின வயிறு மாதிரியே தெரியலை. கையில பஜ்ஜி வேற.

டீச்சர்: அது ட்ரெயினிங். இது ட்ரெயினிங் இல்லைங்க.

வாட்ச்மேன்: உள்ள அறுபது வாத்தியாருங்க இருக்காங்க. சுவரு பூரா சார்ட்டு. ஸ்கெட்ச் பேனா வாசம் கேட்டு வரைக்கும் வருது. ட்ரெயினிங் இல்லாம, வளைகாப்பா?

டீச்சர்: நாங்களாவே வந்திருக்கோம்ங்க. யாரும் கூப்பிடலை.

வாட்ச்மேன்: சர்க்குலரு?

டீச்சர்: இல்லை.

வாட்ச்மேன்: ஆன் டூட்டியாச்சும்?

டீச்சர்: இல்லைங்க. சனிக்கிழமை, லீவு நாளு.

வாட்ச்மேன்: பஸ் காசு?

டீச்சர்: சொந்தக் காசு.

வாட்ச்மேன்: கையெழுத்து?

டீச்சர்: கையெழுத்தே கிடையாது.

வாட்ச்மேன்: (குரலைத் தாழ்த்தி) தப்பா நினைக்காதீங்க டீச்சர். லீவு நாள்ல, சொந்தக் காசுல, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தி எடுத்துக்கிட்டு, கையெழுத்தில்லாத கூட்டத்துக்கு வந்திருக்கீங்கன்னா... வீட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?

(இவர்களுக்குப் பின்னால் காலி ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தது நான்தான். எனக்கும் வெளியே போக வேண்டும். ஆனால் காலையில் கிளம்பும்போது என் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.)

டீச்சர்: ஒரு பிரச்சினையும் இல்லைங்க. வாத்தியாருங்களே ஒண்ணு கூடி, ஆளாளுக்குத் தெரிஞ்சதைப் பேசறோம். அவ்வளவுதான்.

வாட்ச்மேன்: விளக்காச்சும் ஏத்துவீங்களா? நேத்து சாயங்காலமே புளி போட்டுத் தேய்ச்சு வெச்சேன்.

டீச்சர்: விளக்கு, மேடை, பொன்னாடை எதுவும் இல்லைங்க. சிறப்பு விருந்தினரும் இல்லை.

வாட்ச்மேன்: இன்னும் வரலைங்களா?

டீச்சர்: வரமாட்டாங்க. கூப்பிடவே இல்லை.

வாட்ச்மேன்: அதுவும் நல்லதுதான். போன தடவை மேடையில பதினோரு பேரு. விளக்குக்கு முகம் அஞ்சு. மிச்ச ஆறு பேரும் என்ன பண்ணுவாங்க? ஏத்தறவங்க முழங்கையைத் தொட்டுக்கிட்டு நின்னாங்க. போட்டோக்காரர் 'இன்னொரு தடவை'ன்னாரு. அதுக்குள்ள ஃபேன் காத்துல விளக்கு அணைஞ்சு போச்சு. மறுபடியும் மெழுகுவத்தி, மறுபடியும் முழங்கை. முழங்கை அழுத்தினதுல ஒரு அம்மாவுக்கு ரெண்டு வளையல் போச்சு.

டீச்சர்: அந்தத் தொல்லையே வேண்டாம்னுதான்...

வாட்ச்மேன்: தலைமையுரை?

டீச்சர்: கிடையாது.

வாட்ச்மேன்: அப்ப ஜனங்க எப்பத்தான் தூங்கறது?

டீச்சர்: அண்ணா, கேட்டைத் திறங்க.

வாட்ச்மேன்: இருங்க. காலையிலேருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சேரை எல்லாம் வட்டமாப் போட்டிருக்கீங்க. ஒரு ரூம்ல உக்கார்றாங்க, பாதியில எந்திரிச்சு வர்றாங்க, பக்கத்து ரூமுக்குள்ள போறாங்க. மியூசிக்கல் சேருன்னு நினைச்சேன். பாட்டைக் காணோம். அப்புறம்தான் பயமாப் போச்சு. உள்ள ஏதாச்சும் சண்டைங்களா?

டீச்சர்: சண்டை இல்லைங்க. இதுல அதுதான் சட்டமே. ஓரிடத்துல நமக்குக் கத்துக்கவும் ஒண்ணும் இல்லை, சொல்லவும் ஒண்ணும் இல்லைன்னா எந்திரிச்சு வேற இடத்துக்குப் போயிடணும். ரெண்டு கால் சட்டம்னு பேரு.

வாட்ச்மேன்: பேசறவரு கோவிச்சுக்க மாட்டாரா?

டீச்சர்: மாட்டாரு.

வாட்ச்மேன்: அந்தச் சட்டம் மட்டும் இங்க வழக்கமா நடக்கற ட்ரெயினிங்குக்கு வந்துச்சுன்னா, பி.பி.டி. ஓட்டறவர் ஒருத்தர்தான் ரூம்ல மிஞ்சுவாரு. அவரும் வயரைச் சுருட்டணுமேன்னுதான் இருப்பாரு. எந்த கவர்மெண்டு போட்ட சட்டம் இது?

டீச்சர்: கவர்மெண்டு இல்லைங்க. அமெரிக்காவுல ஹாரிசன் ஓவன்னு ஒருத்தர். 1980கள்ல படாத பாடுபட்டுப் பெரிய மாநாடு ஒண்ணு நடத்தினாரு. முடிஞ்சு போறப்ப ஆளாளுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? காப்பி இடைவேளைதாங்க பிரமாதம்னாங்க.

வாட்ச்மேன்: வயித்தெரிச்சலா இருந்திருக்கும்.

டீச்சர்: அப்பத்தான் யோசிச்சாரு. காப்பி இடைவேளை மாதிரியே மொத்த மாநாட்டையும் நடத்தினா என்ன?

வாட்ச்மேன்: இதை ஏற்காட்டுக்கு வந்து சொல்றீங்க பாருங்க! சேலத்துல கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்லயே இங்க காப்பிச் செடியைக் கொண்டாந்து நட்டுட்டாரு. இருநூறு வருஷமா நாங்க காப்பி குடிச்சுக்கிட்டேதான் பேசிட்டிருக்கோம். அதை மாநாடுன்னு எவனும் சொல்லலை. வேலைவெட்டி இல்லைன்னுதான் சொன்னான்.

டீச்சர்: வாத்தியாருங்களுக்குன்னு 2006ல எடின்பரோவுல ஆரம்பிச்சாங்க. டீச்மீட்னு பேரு. 2010ல ஃபிலடெல்ஃபியாவுல எட்கேம்ப்னு வேற ஒண்ணு. அதுல காலையில சார்ட்டு வெறுமனே தொங்கும். யாருக்கு எதைப் பேசணுமோ அங்கேயே வந்து எழுதி ஒட்டிக்கலாம்.

வாட்ச்மேன்: அதான் காலையில வெறும் சார்ட்டா? பிரிண்டர் ரிப்பேரு போலன்னு நினைச்சேன்.

டீச்சர்: டீச்மீட்ல பேசறதுக்கு ஏழே நிமிஷம். சின்ன விஷயம்னா ரெண்டு நிமிஷம். நேரத்தைத் தாண்டினா ஒட்டகத்தைத் தூக்கிப் பேசறவரு மேல எறிவாங்க.

வாட்ச்மேன்: ஒட்டகத்தையா!

டீச்சர்: பொம்மைங்க. பஞ்சு ஒட்டகம்.

வாட்ச்மேன்: ஒட்டகத்துக்கு இந்த மலையில எங்க போறது? குரங்குதான் இருக்குது. அதை நீங்க எறிய வேண்டாம், தானா வந்து மைக்கைப் புடுங்கிட்டுப் போயிரும். (யோசித்து) போன தடவை ஒரு பெரியவரு பேசினாரு, பேரு எதுக்கு. 'இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்'னு ஆரம்பிச்சாரு. ஒண்ணேகால் மணி நேரம். சாம்பாரு ஆறிப் போயி, சூடு பண்ணி, மறுக்கா ஆறிப் போச்சு. அவரு மேல நிஜ ஒட்டகத்தையே எறிஞ்சிருக்கணும்.

டீச்சர்: அந்தக் கூட்டத்துலதான் நானும் இருந்தேன்.

வாட்ச்மேன்: தெரியுங்க. தூணுக்குப் பின்னாடி உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருந்தீங்க.

டீச்சர்: ...

வாட்ச்மேன்: சின்னப் பசங்களுக்கு எண்ணும் எழுத்தும்னு திட்டம் வந்தப்பவும் ட்ரெயினிங்குக்கு வந்திருந்தீங்க இல்லைங்களா? எங்க பேத்தியை அதுலதான் மொட்டுன்னு சொன்னாங்க. பசங்களைத் தரம் பிரிச்சாங்களே, அரும்பு, மொட்டு, மலர்னு. நீங்க எதுங்க?

டீச்சர்: வாடினது.

(சிரிக்கக் கூடாது என்று ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.)

வாட்ச்மேன்: சரி, அந்த சார்ட்டுல 'மரத்தைக் கட்டிப்பிடி'ன்னு எழுதியிருக்குதே, அது என்ன?

டீச்சர்: அது வட்டத்துக்கான கணக்கு. சில்வர் ஓக் மரத்தைச் சுத்தி நூலைக் கட்டி, அந்த நூல் நீளத்தை 22/7ஆல வகுத்தா மரத்தோட விட்டம் வந்துடும். மரத்தை வெட்டாமலே.

வாட்ச்மேன்: எந்த உயரத்துல கட்டுவீங்க?

டீச்சர்: எந்த உயரம்னா?

வாட்ச்மேன்: நான் முப்பது வருஷம் எஸ்டேட்டுல இருந்தவன். மரம் விக்கறப்ப நெஞ்சு உயரத்துலதான் டேப்பு சுத்துவாங்க. யாரு நெஞ்சுங்கறதுதான் சண்டையே. விக்கறவன் குட்டையான ஆளை அனுப்புவான். வாங்கறவன் நெட்டையான ஆளைக் கூட்டியாருவான்.

டீச்சர்: ஏன்?

வாட்ச்மேன்: என்னங்க, நீங்க கணக்கு டீச்சருதானே? கீழ வர வர மரம் பெருத்துத்தானே இருக்கும்?

(டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.)

டீச்சர்: இதை உள்ள வந்து சொல்லுங்களேன் அண்ணா.

வாட்ச்மேன்: நான் உள்ள வந்துட்டா பூட்டை யாரு பாக்கறது?

டீச்சர்: யாருங்க உங்களை இன்னிக்குப் பூட்டச் சொன்னது?

வாட்ச்மேன்: இன்னிக்கு யாரும் சொல்லலை. எப்பவும் சொல்றதுதானே. சாயங்காலக் கையெழுத்து முடியற வரைக்கும் ஒருத்தரையும் விடாதேம்பாங்க. வாத்தியாருங்க வந்தாலே எனக்குக் கை தானாப் பூட்டுக்குப் போயிருது. கல்யாணத்துக்கு மண்டபமா விடறப்பகூட நான் பூட்டறதில்லை.

டீச்சர்: (திடீரென்று) இருபத்திமூணு வருஷ சர்வீஸ்ங்க எனக்கு. எத்தனை ட்ரெயினிங் போயிருப்பேன்! சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு ஃபாரம் குடுத்துக் கேட்டிருக்காங்க. 'உங்க வகுப்புல நீங்க என்னம்மா பண்றீங்க'ன்னு ஒருத்தர் கேட்டதில்லை. கையெழுத்து மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை.

வாட்ச்மேன்: சாப்பாட்டுக்கு என்ன எழுதினீங்க?

டீச்சர்: நன்றுன்னு.

வாட்ச்மேன்: ஆறின சாம்பாருக்கா?

டீச்சர்: அண்ணா, திறக்கறீங்களா இல்லையா? அடுத்தது நான்தான் பேசணும். அதுக்குத்தான் கடைக்குப் போறேன்.

வாட்ச்மேன்: நீங்களா? எந்தத் தலைப்புங்க?

டீச்சர்: 'கடன் வாங்காமல் கழித்தல்'.

வாட்ச்மேன்: அது நீங்களா! கூட்டுறவு சங்கத்துலேருந்து லோனைப் பத்திப் பேச யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். வாத்தியாருங்க எல்லாரும் ஒரே ரூமுக்குப் போனா அது லோன் விஷயமாத்தானே இருக்கும்?

டீச்சர்: கழித்தல் கணக்குங்க. அம்பத்திரெண்டுல இருபத்தேழு போகணும். ரெண்டுல ஏழு போகாது. உங்க வாத்தியாரு என்ன சொல்லிக் குடுத்தாரு?

வாட்ச்மேன்: பக்கத்துல கடன் வாங்குடான்னாரு. இன்னிக்கு வரைக்கும் வாங்கிட்டுத்தான் இருக்கேன்.

டீச்சர்: நானும் அப்படித்தான் நடத்திட்டிருந்தேன். ஒரு பையன் எந்திரிச்சுக் கேட்டான். 'டீச்சர், பக்கத்துல ஒண்ணுதானே கடன் வாங்கினோம், நம்மகிட்ட வந்ததும் எப்படிப் பத்தாச்சு?'

வாட்ச்மேன்: கந்து வட்டி.

டீச்சர்: அது நாம திருப்பிக் குடுக்கறப்பங்க.

வாட்ச்மேன்: ஆமாமா. வாங்கறப்பவே பத்தாகறதுன்னா அந்தக் கடையை எனக்கும் சொல்லுங்க.

டீச்சர்: 'திருப்பி எப்ப குடுப்போம்?'னு அடுத்த கேள்வி. எனக்கு பதில் தெரியலை. ராத்திரி சோத்துல கை வெச்சுக்கிட்டு யோசிக்கறேன். அது கடனே இல்லைங்க! பத்து ரூபாய் நோட்டு அஞ்சு வெச்சிருக்கேன், ரெண்டு ஒத்த ரூபாய் வெச்சிருக்கேன். உங்களுக்கு இருபத்தேழு குடுக்கணும். என்ன பண்ணுவேன்?

(வாட்ச்மேன் கேட்டுக் கம்பியில் படிந்திருந்த தூசியில் சாவி நுனியால் 52 என்று எழுதினார். அஞ்சை அடித்து மேலே 4 போட்டார். ரெண்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு 1.)

வாட்ச்மேன்: ஒரு நோட்டைச் சில்லறை மாத்துவீங்க. நாலு நோட்டு, பன்னெண்டு ரூபாய் காசு. ஏழு போக அஞ்சு. ரெண்டு நோட்டு போக ரெண்டு. இருபத்தஞ்சு.

டீச்சர்: யாருகிட்டயாச்சும் கை நீட்டினேனா?

வாட்ச்மேன்: இல்லை.

டீச்சர்: அவ்வளவுதான். ஏழு நிமிஷத்துல இதைச் சொல்லணும். அறுபது பேரு கையிலயும் நோட்டும் காசும் குடுத்துப் பண்ணிப் பாக்கச் சொல்லணும். காசு பத்தலை. அதுக்குத்தான் டீக்கடை.

(வாட்ச்மேன் ரொம்ப நேரம் தூசியில் இருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பஸ்ஸுல கண்டக்டரு பண்றதுதானே இது' என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு முக்காலியின் அடியிலிருந்து நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.)

வாட்ச்மேன்: சரி, கையெழுத்துப் போடுங்க.

டீச்சர்: கையெழுத்தே கிடையாதுன்னு சொன்னேனே!

வாட்ச்மேன்: அது உங்க கூட்டத்துக்கு. கேட்டுக்கு உண்டு. பேரு, நேரம், காரணம்.

டீச்சர்: (புரட்டிப் பார்த்து) வயித்து வலி, வயித்து வலி, மாமியாருக்கு வயித்து வலி, 'மேற்படி'...

வாட்ச்மேன்: மேற்படின்னா மேல இருக்கற அதே மாமியாருங்க.

(டீச்சர் எழுதினார். 11.40. காரணம்: சில்லறை மாத்த.)

வாட்ச்மேன்: இதுவரைக்கும் இந்தக் காரணம் யாரும் எழுதினதில்லை. நம்பற மாதிரியே இல்லை, அதனால நிஜமாத்தான் இருக்கும். (பூட்டைத் திறந்தபடி) வர்றப்ப எனக்கும் ஒரு நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கியாந்துடுங்க.

டீச்சர்: குடுங்க நோட்டை.

வாட்ச்மேன்: நோட்டு இல்லைங்க. மாசக் கடைசி.

டீச்சர்: அண்ணா, அதுக்குப் பேரு சில்லறை மாத்தறது இல்லை. கடன்.

வாட்ச்மேன்: நான் பழைய சிலபஸுங்க டீச்சர்.