கோழிப்பண்ணையைத் தாண்டியும் கொஞ்சம் பேசுவோம்

வேறு மருந்து கேட்காத கிருமிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் கொலிஸ்டின். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேராகக் கோழிப்பண்ணைக்குப் போய்விடுகிறார்கள். 2015ல் சீனாவில், கிருமிக்கு இந்த மருந்தை எதிர்க்கும் சக்தி தரும் எம்சிஆர்-1 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று தெரிந்ததும் உலகமே பதறியது, 2019ல் நம் அரசும் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தடை போட்டது. மிகச் சரியான முடிவு. ஆனால் ஐசியுவில் கிடக்கும் நோயாளியின் உடம்புக்குள்ளேயே, வெளியிலிருந்து எந்த மரபணுவும் வராமலே இந்த எதிர்ப்பு உருவாகும். அதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

ஆஸ்பத்திரிகளில் தொற்று உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிச்சவ்வின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. கொலிஸ்டினுக்கோ நேர்மின்னூட்டம், அதனால் போய் ஒட்டிக்கொண்டு, சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டுக் கிழித்துவிடும். இந்தக் கிருமியிடம் எம்ஜிஆர்பி என்று ஒரு மரபணு இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் வெறும் 47 அமினோ அமிலம், அவ்வளவு சின்னது, வேலை ஒரு பிரேக்கின் வேலை. ஒரே ஒரு எழுத்து மாறியோ, இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று நடுவில் செருகிக்கொண்டோ அது கெட்டுப்போனால், சவ்வில் இருக்கும் லிப்பிட் ஏ என்ற கொழுப்பு மூலக்கூறின் மீது ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டும் வேலை நிற்காமல் நடக்கும். எதிர்மின்னூட்டம் குறைந்துவிடும், மருந்துக்குப் பிடிமானம் இருக்காது. அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு ஆஸ்பத்திரிக் கிருமி இன்னும் ஒரு படி மேலே, சில மரபணு மாற்றங்களால் அந்த லிப்பிட் ஏவையே தயாரிக்காமல் விட்டுவிட்டு உயிர் வாழ்கிறது!

சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் ஓரங்கட்டிய மருந்து இது. கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகையும் கைவிட்ட பிறகு, வேறு வழியில்லாமல்தான் திரும்ப எடுத்தோம். அதையும் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தால், லட்சத்தில் ஒன்றாக ஒளிந்திருக்கும் மாறிய கிருமிக்கு நாமே இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கிறோம். அது பக்கத்துக் கட்டிலுக்குப் போக, கழுவாத ஒரு கை போதும். பண்ணைக்குப் போட்ட தடை இதைத் தடுக்காது.

அப்புறம், கிருமி மருந்துக்கு அடங்குமா என்று பார்க்கும் டெஸ்ட். கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, கிருமி வளர்க்கும் ஜெல்லியான அகாரில் சரியாகப் பரவாது, அதனால் அதன்மேல் வைக்கும் மருந்து ஏற்றிய டிஸ்க்கைச் சுற்றித் தெரியும் வளையத்தை நம்பவே முடியாது, எதிர்ப்புள்ள கிருமிகூட அடங்கும் கிருமி மாதிரியே தெரியும். 2016லேயே, மருந்தைப் பல அளவுகளில் கலந்த திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷன்தான் முறை என்று சர்வதேச அமைப்புகள் சொல்லிவிட்டன. டாக்டர் நண்பர்களே, ரிப்போர்ட்டில் கொலிஸ்டினுக்கு நேராக 'எஸ்' (கிருமி மருந்துக்கு அடங்கும்) என்று பார்த்தால் லேபுக்கு ஒரு போன் போட்டு எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். டிஸ்க் என்றால் அந்த 'எஸ்'ஸைக் கணக்கில் எடுக்காதீர்கள், மைக்ரோடைலூஷன் கேட்டு வாங்குங்கள்.