மாமாவின் களத்தில் செங்கல்லால் வரைந்த டெல்லி

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றில் இருந்து கூப்பிடு தூரத்தில் தோட்டம். மோட்டார் போட்டால் தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. மாமா அதை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் எல்லாம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

"ஏ மாப்ளே, புலிக்குன்னு டெல்லில தனியா ஆபீஸ் இருக்குதாமா, யானைக்கும் ஒண்ணு இருக்குதாமா. நம்மூரு ஆத்துக்கு எந்த ஆபீஸுங்கிறேன்?"

செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறவர். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துக் களத்து சிமெண்டுத் தரையிலேயே வரைய ஆரம்பித்தேன்.

உச்சியில் மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சர். ('ஒன்றிய' என்று எழுதச் சொல்லும் நண்பர்கள் இந்த ஒரு பதிவுக்குப் பொறுத்துக்கொள்ளவும்.) அவருக்குக் கீழே இணை அமைச்சர். அதற்கடுத்து செயலாளர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. இதுவரை எல்லா அமைச்சகத்திலும் இருக்கிற ஏணிதான். இந்த அமைச்சகத்தில் மட்டும் செயலாளருக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய நாற்காலி உண்டு: வனத்துறைத் தலைமை இயக்குநர், சிறப்புச் செயலாளர் அந்தஸ்தோடு. அவர் இந்திய வனப்பணிக்காரர். ஆக, அங்கிருந்து கோடு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் காடு, வனவிலங்கு, புலி, யானை. மறுபக்கம் தொழிற்சாலை அனுமதி, மாசுக் கட்டுப்பாடு, ஆபத்தான கழிவு, காலநிலை.

இந்த இரண்டு பக்கத்துக்கும் வயது வித்தியாசம் ரொம்ப. வனத்துறை 1864இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. கோவை ஆர்.எஸ்.புரம் வனக்கல்லூரி வளாகத்தில் இருக்கிற காஸ் அருங்காட்சியகமே 1902இல் வந்துவிட்டது. சுற்றுச்சூழலுக்கு முதலில் கிடைத்தது 1972இல் ஒரு குழு, ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டை ஒட்டி. தனித் துறையானது 1980இல்தான். 1985இல் காட்டையும் சேர்த்து அமைச்சகமாக்கினார்கள், 2014இல் பெயரில் காலநிலை மாற்றம் ஒட்டிக்கொண்டது. சொத்துபத்தோடு இருக்கிற அண்ணன் வீட்டில் கடைசித் தம்பி குடியேறிய கதைதான்.

விளைவு என்ன என்று பார்க்க டெல்லிக்குப் போகவே வேண்டாம், சத்தியமங்கலம் காட்டுப் பண்ணாரி செக்போஸ்ட்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். வேட்டைத் தடுப்புக் காவலர், வனக் கார்டு, பாரஸ்டர், ரேஞ்சர், மாவட்ட வன அலுவலரான டி.எஃப்.ஓ. என்று கீழிருந்து மேல்வரை ஆள் உண்டு. மாநில அரசு ஊழியர்கள்தான், ஆனால் அந்த ஏணியின் மேல்படியில் இருப்பது அகில இந்தியப் பணி. சத்தியமங்கலம் காட்டில் புலி செத்தால் டெல்லிவரை யார் யார் பதில் சொல்ல வேண்டும் என்று சங்கிலியாகத் தெரியும். காட்டை ஒட்டி வாழ்கிற மக்களுக்கு அந்த அதிகாரத்தோடு ஆயிரம் சண்டை இருக்கிறது, அது தனிப் பதிவு. யாரோடு சண்டை போடுவது என்றாவது அவர்களுக்குத் தெரியும்.

மறுபக்கக் கோட்டைக் கீழே இழுத்துப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1974 தண்ணீர்ச் சட்டத்தில் பிறந்தது. அது மாநில வாரியங்களுக்கு உத்தரவு போடலாம், தரம் நிர்ணயிக்கலாம். நம் மாநில வாரியம் 1982இல் வந்தது. சாயப்பட்டறை இயங்க இசைவாணை என்கிற அனுமதி கொடுப்பது, மாதிரி எடுப்பது, கரண்டைத் துண்டிக்கச் சொல்வது எல்லாம் இங்கே. பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது என்றால் அதற்கு முன்னால் மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அதைத் தருவது மாநில அளவிலான ஆணையம். உறுப்பினர் பெயர்களை மாநில அரசு கொடுக்கும், ஆணையத்தை அமைத்து அறிவிப்பது டெல்லி. ஆறோ இன்னும் வேறு கதை: ஆறுகளைக் காக்கும் இயக்ககம் ஒன்று இந்த அமைச்சகத்திலேயே இருந்தது, 2019இல் தண்ணீருக்கான ஜல்சக்தி அமைச்சகத்துக்குப் போய்விட்டது. அணை மாநில அரசின் கையில்.

"நில்லு நில்லு," என்றார் மாமா. "அப்ப தண்ணி ஒருத்தரு, தண்ணில இருக்கற அழுக்கு இன்னொருத்தரா?"

அதேதானுங்க மாமா.

எனக்கு இதில் ஆறவே ஆறாத ஒரு விஷயம் உண்டு. இந்த அமைச்சகத்தின் கைகள் நம் கோவையிலேயே நாலு இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், 1955இல் இருந்து. ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் நிறுவனம், 1988. அதே வளாகத்தில் மாநில வனப்பணி அதிகாரிகளுக்கான மத்திய பயிற்சிக் கழகம். ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம், 1990, இப்போது டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தின் தென்னிந்திய மையம். நாலுமே பெருமைப்பட வேண்டிய இடங்கள். நொய்யல் கரையில் முளைக்கிற செடியின் பெயரைக் கேட்டால் ஒரு இடத்தில் சொல்வார்கள், கோவைக் குளத்தில் வந்து இறங்குகிற பறவையைக் கேட்டால் இன்னொரு இடத்தில் சொல்வார்கள். ஆற்றில் நுரை வருகிறது என்று போனால்? அது அவர்கள் வேலையே கிடையாது. குற்றம் சொல்லவில்லை, அமைப்பே அப்படி. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஒரு முழு ஆற்றுக்கு என்று அந்த அமைச்சகத்தில் ஒரு மேஜைகூட இல்லை.

கதவு இல்லாததால்தான் நம் ஆட்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கு என்று கட்டியது. சில வருஷத்திலேயே சாயக்கழிவுத் தொட்டியாகி, மதகைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்சுகிற நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொன்ன கதை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவு போட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொன்னது. அந்த வருஷம் திருப்பூரில் வேலை இழந்தவர்களில் என் சொந்தத்திலேயே ஆட்கள் உண்டு, அதனால் இதைச் சந்தோஷமாக எழுதவில்லை. விவசாயிகளின் நட்டஈட்டைக் கணக்குப் போட்ட ஆணையமும், வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அமைச்சகம் அமைத்ததுதான்.

சுற்றுச்சூழல் சட்டங்களை ஆராய மத்திய அரசு 2014இல் அமைத்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு, இந்திய வனப்பணி மாதிரி சுற்றுச்சூழலுக்கும் ஒரு அகில இந்தியப் பணி வேண்டும் என்றது. அந்தக் குழுவின் மற்றப் பரிந்துரைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இது சரி என்று படுகிறது. டெல்லிக்கு இன்னும் அதிகாரம் கொடுப்பதா என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. பணி மாநிலத்தின் கையிலேயே இருக்கட்டும். மாவட்ட எல்லையில் நிற்காமல், ஆறு போகிற வழியெல்லாம் போகிற அதிகாரி ஒருவர் வேண்டும் என்பதுதான் என் ஆசை. கோவையில் விட்டதைத் திருப்பூர் அதிகாரி கேட்க முடியாது, திருப்பூரில் விட்டதைக் கரூர்க்காரர் கேட்க முடியாது என்றால் அப்புறம் யார்தான் கேட்பது?

களம் முழுக்கச் செங்கல் கோடாகிவிட்டது. அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சோளங் காயப்போடற எடமுங்க அது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமா குந்த உட்கார்ந்து, கோடுகளை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார்.

"இத்தன பேருல ஆத்துல எறங்கித் தண்ணி மோக்கற ஆளு எவன் மாப்ளே?"

ஓரமாக, டெல்லிக் கோடு எதுவும் நேராக வந்து தொடாத ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினேன். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்.

"அவரு ஆபீஸ் எங்க?"

சொன்னேன்.

"திங்கக்கெழம வண்டி எடுத்துட்டு வந்துரு," என்று எழுந்தவர், பழைய ரெண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க் கழுவ ஆரம்பித்தார்.