நுரையீரலில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி எங்கே இருக்கிறது?

சுண்டெலியின் நுரையீரலில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஹார்மோனுக்கான ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லில் செயல்படும் புரதம்), நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரக்கும் இரண்டாம் வகை நுண்ணறைச் செல்களில் மட்டுமே உள்ளது என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். "மட்டுமே" என்பது சரியல்ல, நண்பர்களே. அச்செல்களில் ஏற்பி உண்டு. அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசுச் செல்களிலும், இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும், நோய் எதிர்ப்புச் செல்களிலும்கூட உண்டு. சர்ஃபாக்டன்ட் பற்றியே அதிகம் பேசப்படுவதால் இந்த எண்ணம் வேரூன்றியிருக்கலாம். ஆனால் இணைப்புத் திசுவில் மட்டும் இந்த ஏற்பியின் மரபணுவை நீக்கியபோது, குட்டிகள் பிறந்த சிறிது நேரத்தில் மூச்சுவிட முடியாமல் இறந்தன. நுண்ணறைச் செல்களில் மட்டும் நீக்கியபோது பாதிப்பு குறைவாகவே இருந்தது. எனக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். 2018இல் வெளியான 'டபுலா முரிஸ்' என்ற சுண்டெலிச் செல் தரவுத்தளம் அனைவருக்கும் திறந்திருக்கிறது. அதில் நுரையீரலைத் தேர்ந்தெடுத்து, 'என்ஆர்3சி1' (Nr3c1) என்ற, இந்த ஏற்பிக்கான மரபணுவை ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். எந்தெந்தச் செல் வகைகளில் அது வெளிப்படுகிறது என்பது படமாகவே தெரியும். அது காட்டுவது ஆர்என்ஏ அளவு, அதாவது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலின் அளவு. ஏற்பிப் புரதத்தையே காண, அதனுடன் ஒட்டும் எதிர்ப்பொருளால் நிறமேற்றிய திசுச் சீவல்களைப் பாருங்கள். ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலியின் சீவலில் அந்த நிறம் வரவில்லை என்று காட்டியிருந்தால் மட்டும் அப்படத்தை நம்புங்கள்.