காது கேட்காத பிள்ளைக்கு வாயால் ஒரு பரீட்சை

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் செவ்வாய்க்கிழமை நடந்த மாற்றுத்திறனாளிகள் சான்றிதழ் முகாமைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிக்கு இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருத்துவர்களை அவமதித்துவிட்டேன் என்கிறார்கள். நடந்ததைத் திரும்பவும் முழுவதும் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் மறுபடி சொல்கிறேன். முகாமுக்கு வந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் காது கேட்காது. அவனிடம் வாயால் கேள்வி கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. உடனே அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிவிட்டார்கள்.

அவனுடைய அம்மாவுக்குத் துணையாகப் போய், அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவள் நான். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடியது. பக்கத்து மேசையில் யாரோ டோக்கன் எண்ணை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் முகக்கவசம் அணிந்திருந்தார். பையன் முதலில் அவர் கண்ணைப் பார்த்தான், அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு எல்லாக் கேள்விக்கும் தலையாட்டத் தொடங்கினான். காது கேட்காத பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். புரியாதபோது பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வது அது. வெளியே வந்ததும் அவனுடைய ஹியரிங் எய்டைக் கழற்றி உள்ளங்கைக்குள் மூடிப் பார்த்தேன். வேலை செய்கிற கருவி என்றால் கீச்சென்று விசில் வரும். சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. பரீட்சையைத் தொடங்கும் முன் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

அங்கே அளந்தது அவனுடைய காதை. தாளில் எழுதியது அவனுடைய அறிவை.

நம் நாட்டில் பரவலாகப் பயன்படுத்துகிற மாலின் நுண்ணறிவுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளரின் தேர்வைத் தழுவி இந்தியப் பிள்ளைகளுக்காக 1969இல் வந்தது. அதில் 11 பகுதிகள். ஆறு வாய்மொழிப் பகுதிகள், கையால் செய்து காட்டும் ஐந்து செயல் பகுதிகள். வாய்மொழிப் பகுதியில் எண்களை வரிசையாகச் சொல்வார்கள், பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். காது கேட்காத பிள்ளை அதில் என்ன வாங்கும்? அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால் அந்த எண் எதைக் காட்டும்? செயல் பகுதி தனியாக இருப்பதே இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தானே. படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தைக் கொண்டுவருவது, புதிர்ப்பாதையில் வழி தேடுவது, இவற்றுக்கெல்லாம் பேச்சு வேண்டாம். அந்தக் கட்டைப் பெட்டி அன்றைக்கு மேசை மேல்தான் இருந்தது. திறக்கவே இல்லை.

இது ஏதோ நேற்று வந்த ஞானம் இல்லை. பேச்சை நம்பிய பினே தேர்வு என்ற பழைய நுண்ணறிவுத் தேர்வு காது கேளாத பிள்ளைகளுக்குச் சரிவராது என்று கண்ட உளவியலாளர்கள் பின்ட்னரும் பேட்டர்சனும் 1917லேயே செயல்வழித் தேர்வுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது. நம் நாட்டிலேயே 1955இல் பாட்டியா தொகுப்பு என்ற செயல்வழித் தேர்வு வந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து. வடிவத்தில் விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுக்கும் ராவனின் வண்ணப் படத் தேர்வு இருக்கிறது, மரத்துண்டுகளைக் குழிகளில் பொருத்தும் செகுவின் மரப்பலகை இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது, முகக்கவசத்தால் வாயை மறைத்துக்கொண்டு கேள்வி கேட்டு எழுதிய தாளை நான் எப்படி மதிப்பது?

"நீங்கள் என்ன மனநல மருத்துவரா, உளவியல் படித்தவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. என் மகளுக்கு இரண்டு காதும் கேட்காது. பதினாறு வயதாகிறது. அவளை எத்தனை மேசைகளின் முன்னால் உட்கார வைத்திருப்பேன், எந்த மேசையில் அவளைப் பிள்ளையாகப் பார்த்தார்கள், எந்த மேசையில் வெறும் படிவமாகப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொருவர் கேட்டதுதான் மனதைச் சுட்டது. "சான்றிதழ் கிடைத்தால் உதவித்தொகை கிடைக்குமே, ஏழைப் பெண்ணுக்குக் கெடுதலா செய்தார்கள்?" அந்தத் தாய் பீடி சுற்றிப் பிழைக்கிறவர். பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஆனால் காது கேளாமைக்கே சான்றிதழ் உண்டு, அட்டை உண்டு, உதவிகளும் உண்டு. அதற்காக இல்லாத குறையை ஏன் எழுத வேண்டும்? 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் அறிவுத்திறன் குறைபாடு என்றால் சிந்திக்கும் திறன், அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறன் இரண்டிலும் குறை இருக்க வேண்டும். இந்தப் பையன் தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வருகிறான். அம்மா சுற்றிய பீடிக்கட்டுகளை எண்ணி அடுக்கி, ஒன்று குறைந்தாலும் விரலை நீட்டிக் காட்டுகிறான். வீட்டில் என்ன செய்வான் என்று அந்தத் தாயிடம் ஒரு கேள்வியாவது கேட்டார்களா? நான் பின்னால்தான் நின்றேன். கேட்கவில்லை.

அந்தத் தாள் பள்ளிக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இனி யார் மெனக்கெடுவார்கள்?

அளப்பது தவறினால் எதிர்ப் பக்கமும் அநியாயம் நடக்கிறது. என் அக்கா மகன் நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். தலையில் அடி. ஸ்கேனில் பெரிதாக எதுவும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தான், பேசினான், சாப்பிட்டான், எல்லோருக்கும் நிம்மதி. பள்ளி திறந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் படித்தது மத்தியானம் நினைவில் இல்லை, சின்னப் பேச்சுக்கும் சீறினான், சோறு உண்ணும்போதே தூங்கிப் போனான். வாத்தியார் திமிர் என்றார். அத்தான் செல்லம் என்றார். ஒரு இடத்தில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, சராசரிதான், பிள்ளை நடிக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். அடிபடுவதற்கு முன் படித்தது தலையில் அப்படியே இருந்தால் பொது அறிவிலும் சொல்லறிவிலும் மதிப்பெண் வரத்தான் செய்யும். புதிதாகப் படிப்பதுதான் தங்கவில்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும். பிறகு வேறொரு இடத்தில் நரம்பு உளவியல் மதிப்பீடு, அதாவது நினைவு, கவனம் போன்ற மூளையின் வேலைகளைத் தனித்தனியாக அளக்கும் சோதனை, செய்தார்கள். ஒரு பெண். அவசரமே படவில்லை. சொற்பட்டியல் ஒன்றை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார், அரைமணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டார். உடனே கேட்டபோது நன்றாகச் சொன்னவன் இப்போது விழித்தான். அக்கா அங்கேயே அழுதாள். நடிக்கவில்லை என்பதற்கு அவளுக்கு அன்றைக்குத்தான் சாட்சி கிடைத்தது. இடையிடையே ஓய்வு, எழுதிக் கொடுத்த குறிப்புகள், பரீட்சையில் கூடுதல் நேரம் என்று பள்ளிக்கு ஒரு கடிதமும் வந்தது.

ஒரு பிள்ளைக்குக் குறை இல்லாத இடத்தில் குறை எழுதினார்கள். இன்னொரு பிள்ளைக்குக் குறை இருந்தும் திமிர் என்றார்கள். பிள்ளையைப் பார்த்துத் தேர்வைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதில் மருத்துவர்களை அவமதித்தது எங்கே வந்தது?

முகாமில் கூட்டம் அதிகம், நேரமில்லை என்கிறார்கள். நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். வருவோம். வாழ்நாளுக்கும் கூட வரப்போகிற தாளை அவசரத்தில் எழுதாதீர்கள்.

காது கேளாத பிள்ளைகள் எல்லோருக்கும் மூளை சரியாக இருக்கிறது என்று நான் சாதிப்பதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி எங்கும் சொல்லவில்லை. மூளைக்காய்ச்சலில் காது போன பிள்ளைக்கு நினைவிலோ கவனத்திலோ அடி இருக்கலாம். அதனால்தான் இரட்டிப்புக் கவனம் வேண்டும் என்கிறேன். சைகையில் பேசும் பிள்ளை என்றால் சைகை தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டை இருக்கிற மாவட்டம் இது. அந்தப் பள்ளிக்கு நூறு வயதுக்கு மேல். இந்த ஊரில் சைகை தெரிந்த ஒருவரை முகாமுக்கு அழைத்துவர முடியவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

எழுத எழுத ஆற்றாமைதான் வருகிறது. போன ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதியில் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் என் மகளை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே, "பாவம், இதற்கு ஒன்றும் விளங்காது" என்றார். என் மகள் உதட்டைப் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நோட்டில் அதே வார்த்தைகளை எழுதி, நான் அப்படியா என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்துப் படிக்கிற பிள்ளை. அரசு முத்திரையோடு ஒரு தாள் அதையே சொன்னால் ஒன்பது வயதுப் பையன் யாரிடம் போய்க் கேட்பான்? கேட்க அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட முழுதாக வரவில்லை.

மறுமதிப்பீடு கேட்டு மனு எழுதியாயிற்று. வருகிற திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் அந்தத் தாய் கொடுக்கிறார், நானும் கூடப் போகிறேன். இதே போலத் தாள் வாங்கிய பெற்றோர் அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் இருந்தும் எழுதியிருக்கிறீர்கள். வருகிறவர்கள் ஆடியோகிராம் எனும் காது கேட்கும் திறன் சோதனைத் தாளின் நகலையும், பள்ளியில் பிள்ளை எழுதிய கணக்கு நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். பிள்ளையையும் அழைத்து வருவதென்றால் ஹியரிங் எய்டுக்குப் புது பேட்டரி போட்டு, வீட்டிலேயே ஒருமுறை கையில் மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.