கிறிஸ்தவப் புத்தகத்துக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

சபைக்குள் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, பாடகர் குழு ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறது, அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில் கறி வேகவில்லை என்று ஆயர் காதில் விழும்படியே சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு கிறிஸ்தவப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "எழுத்தும் சரியில்லை, சொல்லியிருப்பதும் சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வரும். "ஜெபித்து எழுதின புத்தகம்மா அது." "ஊழியக்காரரைக் குறை சொல்லாதே." "நம்ம ஆட்கள் எழுதுவதே கொஞ்சம், அதையும் பழித்தால் எப்படி?"

எனக்கு இந்தச் சலுகையில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது காரைக்குடி. 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர். கம்பனைத் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடுகிற இதே ஊரில்தான், வாலியை மறைந்து நின்று கொன்றது நியாயமா என்று விடிய விடிய வாதாடுவதையும் கேட்டு வளர்ந்தோம். ராமனைக் கேள்வி கேட்டதால் யாருடைய பக்தியும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. பக்தியும் விமரிசனமும் ஒரே மேடையில் உட்கார முடியும் என்பது நாம் பார்க்காததா என்ன?

வேதத்திலும் இதற்குத் தடை இல்லை. அப்போஸ்தலரான பவுலே வந்து பிரசங்கித்தபோது, அவர் சொன்னது சரிதானா என்று பெரோயா ஊர்க்காரர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால், கன்வென்ஷன் பந்தல் வாசலில் மேஜை போட்டு விற்கிற எண்பது பக்கப் புத்தகத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

முதலில் சாட்சிப் புத்தகங்கள், அதாவது தேவன் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் சொல்கிற புத்தகங்கள். எங்கள் பக்கம் அதிகம் விற்பவை இவைதான். ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் விவரங்களைத்தான். "ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று இருக்கும். எந்த வருஷம்? என்ன வியாதி? ரிப்போர்ட்டில் என்ன இருந்தது? அப்புறம் வேறு மருந்து எதுவும் சாப்பிட்டாரா? ஒன்றும் இருக்காது. முன்னால் ஆறு வாழ்த்துரை, நாலு அணிந்துரை, ஆசிரியரின் குடும்பப் படம், பின்னட்டையில் வங்கிக் கணக்கு எண். நடந்த சம்பவம் மட்டும் எங்கே, எப்போது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கும். சாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டால், சாட்சிக் கூண்டில் நிற்பவரைக் கேட்கிற கேள்விகளுக்கும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

இது வெறும் வறட்டுச் சந்தேகம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2004-ல் கார் விபத்தில் சிக்கிய ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் சொர்க்கத்துக்குப் போய் வந்ததாக 'தி பாய் ஹூ கேம் பேக் ஃப்ரம் ஹெவன்' என்ற புத்தகம் 2010-ல் வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. 2015 ஜனவரியில் அந்தப் பையனே ஒரு திறந்த கடிதம் எழுதினான். நான் சாகவும் இல்லை, சொர்க்கத்துக்குப் போகவும் இல்லை, எல்லோரும் என்னைக் கவனிக்க வேண்டும் என்று அப்படிச் சொன்னேன், பைபிளே போதும் என்று. பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு. புத்தகத்தில் இருப்பது சரியில்லை என்று அவனுடைய அம்மா அதற்கு முன்பிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். பெற்ற தாய் சொல்வது விற்பனையின் இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. வாசகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்தப் பையனே வந்து கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்து புனிதர்கள் வரலாறு. நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, புகுந்த வீடு தேவகோட்டையில் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பம். மாமியார் அலமாரியில் நவநாள் ஜெபப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், ஜான் டி பிரிட்டோ என்ற புனித அருளானந்தரின் வரலாறு மட்டும் மூன்று விதமாக இருக்கும். அவர் கொல்லப்பட்ட ஓரியூர் எங்களுக்குப் பக்கம். அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்திருக்கிறவர்கள் குடும்பத்திலேயே உண்டு. அந்தச் சின்னப் புத்தகங்களில் கதை இப்படிப் போகும்: பொல்லாத அரசன், புண்ணியவான் துறவி, வெட்டு, பரலோகம். அவ்வளவுதான்.

ஆனால் நடந்தது இதைவிடச் சிக்கலானது, இதைவிட நல்ல கதையும்கூட. 1686-ல் அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருடன் பேசிவிட்டு விடுதலை செய்தவர், புத்தகங்கள் பொல்லாத அரசன் என்கிற அதே ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிதான். மறவர் நாட்டில் இனிப் பிரசங்கிக்கக் கூடாது என்பது மட்டும் கட்டளை. அருளானந்தர் ஐரோப்பா போய்த் திரும்பவும் வந்தார். தடியத் தேவர் என்ற சிற்றரசர் நோய் குணமாகி ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். தடியத் தேவரோ ராமநாதபுரம் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய வம்சம். இந்த இடத்தில் ஒரு மதமாற்றம் அரண்மனை விவகாரமாகவும் அரசியல் விவகாரமாகவும் ஆகிவிட்டது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

இதையெல்லாம் சொன்னால் புனிதரின் பெருமை குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு விட்டவர் இப்போது ஏன் கொன்றார் என்று தெரிந்தால்தான், இவர் எதைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார் என்பதே விளங்கும். இன்னொரு கேள்வியும் மனதில் நிற்கிறது. அந்த மனைவிமார்கள் கதி என்ன? ஒரு நாள் காலையில் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி மாமியார் அலமாரியில் இருக்கும் மூன்று புத்தகமும் மூச்சு விடவில்லை. முறையிட்டவளை 'தீய பெண்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். மாமியாரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவளுக்கும் வயிறு எரிஞ்சிருக்கும்ல" என்றார். அந்த ஒரு வரிகூட அந்தப் புத்தகங்களில் இல்லை.

தியானப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு சோதனை போதும். அதில் எடுத்தாளும் வசனத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற வசனங்களைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு நல்ல எதிர்காலம் தர நினைத்திருக்கிறேன் என்று தேவன் சொல்கிற எரேமியா 29:11-ஐக் காலண்டர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை போட்டு, "உங்கள் வேலை உயர்வு வந்துகொண்டிருக்கிறது" என்கிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். அந்த வசனம் அவர்களுக்கு எப்படி ஆறுதலாக இருந்திருக்கும் என்று எழுதுகிற தியானப் புத்தகம் கிடைத்தால் நான் காசு கொடுத்து வாங்கிப் பத்துப் பேருக்குக் கொடுப்பேன்.

சரி, கதைகளுக்கு வருவோம்.

சபை நாவல்களில் ஒரு வார்ப்பு இருக்கிறது. கணவன் குடிகாரன். மனைவி முழங்காலில். மாமியார் கொடுமைக்காரி. பதினெட்டாம் அத்தியாயத்தில் எழுப்புதல் கூட்டம். கணவன் மேடைக்கு முன்னால் போய் அழுகிறான், பாட்டிலை உடைக்கிறான், அடுத்த பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறான். குடியை விட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். முதல் வாரம் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. ராத்திரி தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். மீண்டும் ஒரு தடவை குடித்துவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். ஜெபத்துக்குப் பதில் வருவது இந்த நாட்களுக்கு நடுவில்தான். கதாசிரியர் இந்த நாட்களை ஒரு வரியில் தாண்டிவிட்டால், கிருபை எங்கே வேலை செய்தது என்று வாசகனுக்கு எப்படித் தெரியும்?

எதிர் வீட்டு ஆச்சி எது கிடைத்தாலும் படிப்பார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற மனுஷி. இப்படியொரு நாவலை என்னிடமிருந்து வாங்கிப்போய் இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, இதுல சாமி கும்புடுறவ ஒருத்திகூட நல்லவளா இல்லையே. நாங்கள்லாம் அப்படியா இருக்கோம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "இல்லை ஆச்சி" என்பதைத் தவிர நான் என்ன சொல்ல? அன்றிலிருந்து கிறிஸ்தவக் கதை எதைப் படித்தாலும், அதில் வரும் கிறிஸ்தவர் அல்லாதவருக்கு ஒரு நல்ல குணமாவது, ஒரு நியாயமாவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். தெருவில் நம்மோடு ஐம்பது வருஷம் பழகினவர்களைக் கதையில் பொம்மையாக்கினால், அது பொய்ச்சாட்சியில்தான் சேரும்.

கதையை உபதேசமாக எடுத்துக்கொள்வது இன்னொரு வினை. உலகத்தின் கடைசி நாட்களைக் கதையாக்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற ஆங்கில வரிசை 1995-ல் தொடங்கிப் பதினாறு நாவல்கள். அதைப் படித்தோ, படமாகப் பார்த்தோ, விமானத்தில் துணிமணி மட்டும் கிடக்கும் காட்சியை வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலேயே எழுதியிருப்பதுபோலச் சிலர் பேசுகிறார்கள். விசுவாசிகள் திடீரென்று மறைந்து எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்கிற, இரகசிய வருகையைப் பற்றிய அந்தக் குறிப்பிட்ட விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி என்பவர் வழியாகப் பரவியது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நாவலாசிரியர் கற்பனையில் எழுதினதையும் வேதத்தில் இருப்பதையும் பிரித்துப் பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

கற்பனையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவிசேஷங்களில் மரியாளின் கணவர் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்த மௌனமான மனிதரைத் தலைவனாக வைத்து வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாடல்கள் பாடினார். அதில் வரும் சூதேய (யூதேயா) நாட்டில் நம்ம ஊர் வயலும் குளமும்தான் தெரியும். யாரும் அதைச் சரித்திரம் என்று ஏமாறுவதில்லை, பொய் என்று தள்ளுவதும் இல்லை. அதே மாதிரிதான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' கதையை எடுத்து, வெறும் மொழிபெயர்ப்பாக விடாமல் காப்பியமாகவே கட்டி 1894-ல் இரட்சணிய யாத்திரிகமாகக் கொடுத்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர். கம்பன் ஊரில் இருந்துகொண்டு நம் சபையில் எத்தனை பேர் அதில் பத்துப் பாட்டுப் படித்திருப்போம்? ஞாயிறு பள்ளியில் ஒரு பாட்டாவது சொல்லிக் கொடுக்கிறோமா? நம்மிடம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஏற்கெனவே இருக்கிற நல்லதை முதலில் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

உரைநடையில் கேட்டால் 1964-ல் வந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு. பனைவிளை என்ற ஊர், நொடித்துப்போன கிறிஸ்தவக் குடும்பம், லிஸி என்ற பெண், பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜ். யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை. ஆனாலும் கோவில் மணியும் வேதப் புத்தகமும் அந்த வீட்டுக் காற்றிலேயே இருக்கும். குலப்பெருமை எப்படிக் கிறிஸ்தவ வீட்டுக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லாமல் காட்டிவிடுவார்.

இதைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். பாமாவின் கருக்கு, 1992-ல் வந்தது, என் கணக்கில் கிறிஸ்தவப் புத்தகம்தான். கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் எழுத்து. எந்தச் சபைப் புத்தக மேஜையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அனுபவச் சாட்சி என்றால் இடம், காலம், வலி, கோபம் எல்லாம் தெரிய எழுதுவது எப்படி என்று அதில் இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சபைகளில் யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பது தெரியாதவர் யார்? நம் ஊழிய வரலாறுகளில் இந்த ஒரு விஷயம் மட்டும் எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

"இந்தப் புத்தகத்தைப் படித்து ஒரு ஆத்துமா ரட்சிக்கப்பட்டால் போதாதா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள், தெரியும். போதும்தான். ஆனால் அது தேவனுடைய தயவுக்குச் சான்று. புத்தகத்தின் தரத்துக்குச் சான்றாக அதைக் காட்ட முடியாது. கழுதையின் வாயைத் திறந்து பிலேயாமோடு பேச வைத்தவர் அவர். அதற்காகக் கழுதைக்கு யாரும் வாழ்த்துரை எழுதவில்லை.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். ஆச்சிக்குப் புத்தம் வீடு கொடுக்க ஆசை. என்னிடம் இருக்கும் பிரதியில் கடைசிப் பக்கங்கள் போய்விட்டன, முடிவு தெரியாமல் கொடுத்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.