தடித்த எழுத்தில் வந்த எண்

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வயது 81. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடியில் வீடு. போன கார்த்திகையில் மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். படுத்தால் முட்டுகிறது என்று இரவெல்லாம் நாற்காலியிலேயே தூங்கினார். கால் இரண்டும் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எக்கோ எடுத்துவிட்டு, இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறது என்றார்கள்.

அன்று இரவு பதினொன்றரை மணிக்கு லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. இதயம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, என்டி-ப்ரோபிஎன்பி: 6,240. பக்கத்திலேயே 'நார்மல்: 125-க்குக் கீழ்'. தடித்த எழுத்து, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. ஐம்பது மடங்கு! அக்கா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். டியூட்டி டாக்டர் நின்ற வாக்கிலேயே, "நம்பர் ரொம்ப ஜாஸ்தி. வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெரம்பூரிலிருந்து சித்தப்பா, எண்ணூரிலிருந்து அத்தை என்று விடிவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி இத்தனை முகங்களைப் பார்த்த நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா, எவ்ளோ நாள் சொல்லிக்கிறாங்கோ?" என்று கேட்டார்.

ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையின் எண்ணை வைத்து ஒரு பெரியவருக்கு நாள் குறிப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் திணறும்போது அதன் சுவர் இழுபடுகிறது. இழுபடும் தசை, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்ற உதவும் பிஎன்பி என்ற ஹார்மோனை விடுகிறது. அது உருவாகும்போது பிரிந்து வரும் துண்டைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. (1988-இல் ஜப்பானில் இந்த ஹார்மோனை முதலில் கண்டுபிடித்தது பன்றியின் மூளையில். பிஎன்பியின் முதல் 'பி' அந்த மூளைதான், ஆங்கிலத்தில் பிரெய்ன். முக்கியமாக இதயத்திலிருந்து வருகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.)

காலையில் வந்த இதய டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. நைனாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே நின்றது. அது மெதுவாக மேலே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நைனா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "நாள் கணக்கு எனக்கும் தெரியாது பெரியவரே. முதல்ல இந்த நீர் வத்தட்டும்" என்றார். நைனா அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தார்.

எனக்கு அவர் தனியாக விளக்கினார். அந்த 125 என்பது வெளிநோயாளியாக வருபவருக்குப் பார்க்கிற அளவு. மூச்சுத் திணறலோடு அவசரமாக வருபவருக்கு வயதைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்குக் கீழே 450, 50 முதல் 75 வரை 900, 75-க்கு மேல் 1,800. அதைத் தாண்டினால்தான் இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலை, என்று உறுதியாக நினைக்கலாம். சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் எண் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் ஏறும். நைனாவுக்கு இரண்டும் உண்டு. உடம்பு பருமனானவர்களுக்கோ நோய் இருந்தும் எண் குறைவாகக் காட்டலாம். எண் அதிகமாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அது நிறைய நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. சிகிச்சையில் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நல்ல அறிகுறி என்றார். எட்டாம் நாள் 3,050. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பிடிஎஃப்பில் மட்டும் அதே தடித்த எழுத்து, அதே அம்புக்குறி.

அதே ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு) 42 என்று மெல்லிய எழுத்தில் இருந்தது. லேப் கணக்கில் அது நார்மல். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு 100-க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைவு என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களில் ஒருவரும் அந்த வரியைப் படித்திருக்கவில்லை. டிரிப்பில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். பிறகுதான் நைனாவின் களைப்பு கொஞ்சம் விலகியது.

சோடியம் 131. கம்மி என்று கேள்விப்பட்டதும் அம்மா கஞ்சியில் உப்பைக் கூட்டிவிட்டார். தொட்டுக்கொள்ள காசிமேட்டுக் கருவாடு வேறு. டாக்டர் பதறிப்போய், "உப்பு குறையலம்மா, உடம்புல தண்ணி கூடிப்போச்சு" என்றார். இந்த நோயில் சோடியம் இறங்குவது கவலைப்பட வேண்டிய அறிகுறிதான். அதற்காக வீட்டில் நாமே உப்பைக் கூட்டினால் வீக்கம்தான் ஏறும். இந்தத் தப்பு எத்தனை வீட்டில் நடக்கிறதோ.

இன்னொன்று. இந்த எண்ணைத் துரத்தியே மருந்தைக் கூட்டினால் நல்லதா என்று டைம்-சிஎச்எஃப் என்ற ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 499 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் முடிவு வந்தது. 75 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. 75-ஐத் தொட்டவர்களுக்கு, அறிகுறிகளைப் பார்த்து மருந்து கொடுத்ததைவிட அது மேலாக இல்லை. நைனா வயதுக்காரர்களுக்கு எண்ணைவிட மூச்சும் கால் வீக்கமும் எடையும் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இப்போது தினமும் காலையில் கழிப்பறை போய்வந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே டாக்டருக்குப் போன். நீர் மாத்திரை சாப்பிடுவதால் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டுக்கும் அவர் சொல்கிற தேதியில் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவோம்.

லேப் நடத்துகிறவர்களே, வயதுக்குத் தக்க அளவைப் பக்கத்தில் அச்சடியுங்கள். டாக்டர்களே, இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பிஎன்பி வேறு, என்டி-ப்ரோபிஎன்பி வேறு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அந்த பிடிஎஃப்பைப் பெரியவர்களின் கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிக்காதீர்கள்.